அக்காவுக்குப் படித்துக்காட்டிய விமர்சனங்கள்

உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது ஐயா. இத்தனை வருஷமாக அச்சில் மட்டுமே பார்த்த ஒருவரின் எழுத்தை மையில் பார்ப்பது தனி சுகம்தான். 'ழ'வின் சுழியை நீங்கள் அவசரப்படாமல் முடிக்கிறீர்கள். பாட்டுக் கேட்பதிலும் அதே நிதானம் உங்களுக்கு உண்டு. கடிதம் அக்காவுக்கு வந்தது. ஆனால் இந்த வீட்டுக்கு வரும் உறைகளைப் பிரிப்பது நான் என்பதால் நான் படிக்கும்படி ஆயிற்று. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புது ஆல்பத்துக்காக அறிவித்த கச்சேரிகள் ஏன் ரத்தாயின என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் விமர்சனத்தை அக்கா படித்தாளா என்றும் கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களிடம், "அந்தம்மாவுக்கு உங்க பேரச் சொன்னாலே மொகம் மாறிடுதாமே, அப்படி என்ன சார் எழுதினீங்க" என்று கேட்டாராம். நீங்கள் தூக்கம் வராமல் புரண்டதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் போடாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் குழு இரண்டே பேர் என்பது உங்களுக்குத் தெரியும். அக்கா பாட்டு எழுதிப் பாடுவாள். சிந்தசைசர்கள், தாள மெஷின்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஒலிகள் எல்லாம் என் பொறுப்பு. போஸ்டரில் அவள் முகம் முன்னால் இருக்கும், என் முகம் பின்னால் கொஞ்சம் மங்கலாக. அது போட்டோக்காரர்கள் செய்வது, அதில் எனக்குக் குறை இல்லை.

'வெறுங்கூடம்' ஆல்பத்தை அவள் பின்னறையில், ஒரு லேப்டாப்பை மட்டும் வைத்துக்கொண்டு செய்தாள். நான் வாசித்துக் கொடுத்ததைக் கேட்பாள். "நல்லா இருக்குடா. கொஞ்சம் எடம் விடலாமா?" என்பாள். விட்டேன். அடுத்த முறை இன்னும் கொஞ்சம். முடிந்த பாட்டுகளை எனக்குப் போட்டுக் காட்டியபோது அவற்றில் என் விரல் பட்ட சத்தம் ஒன்றுகூட இல்லை. "கோவிச்சுக்காதடா, அட்டையில ரெண்டு பேரு பேரும்தான் இருக்கும். நீயில்லாம ஏது குழு?" என்றாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. அட்டையின் நிறம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் கண்ணுக்கு ஆபத்து வந்தது. ஒரு கண் முன்பே போய்விட்டது, அதை வெளியே யாருக்கும் சொன்னதில்லை. அவள் மாட்டிக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடியை ஸ்டைல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மிச்சமிருந்த கண்ணிலும் பின்பக்கத்து விழித்திரை பிய்த்துக்கொண்டுவிட்டது. ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழை விட்டார்கள். குமிழ் மேல்நோக்கித்தான் மிதக்கும். ஆகவே முகம் தரையைப் பார்த்தபடி கிடந்தால்தான் அது விழித்திரையை அழுத்திப் பிடித்து ஒட்டவைக்கும். டாக்டரம்மா கண்டிப்பானவர். "சாப்பிடறது, பேசறது, தூங்கறது எல்லாமே குப்புறத்தான். மல்லாக்கப் படுத்தீங்கன்னா கண்ணு கையை விட்டுப் போயிடும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார். என்னைத் தனியாக அழைத்து, "மனசு தெம்பா இருந்தாத்தான் இப்படிக் கெடக்க முடியும். நெறையப் பேரு வெறுத்துப்போய்ப் பொரண்டு படுத்துடறாங்க. நீங்க கூடவே இருங்க தம்பி" என்றார். கூடவே இருந்தேன். அதை யாரும் மறுக்க முடியாது.

முகத்துக்கு ஓட்டை விட்ட மெத்தை மேசை ஒன்றை வாடகைக்கு எடுத்து முன்னறையில் போட்டேன். அவள் கைபேசியை அணைத்து பீரோவில் வைத்தேன். ஓய்வு வேண்டுமென்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆல்பம் அந்த வாரம் வெளிவந்தது. ஓட்டைக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. "என்னடா எழுதியிருக்காங்க? படி. நல்லா இருந்தா மெதுவாப் படி, மோசமா இருந்தா கடகடன்னு படிச்சுடு."

மேசைக்கு அடியில் தரையில் உட்கார்ந்து என் கைபேசியைத் திறந்தேன். முதலில் வந்தது உங்களுடையது. அந்த வரிகள் எனக்கு மனப்பாடம்: "இருபது ஆண்டுகளாக இந்தக் குழுவின் பாட்டுகளைப் போர்த்தியிருந்த ஈரக் கம்பளி விலகிவிட்டது. இவ்வளவு அழகான குரல் அதற்கு அடியில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்திருக்கிறது. தம்பியின் பங்களிப்புகளில் ஆகச் சிறந்தது இதுவே. வாசிக்காமல் இருப்பதும் ஒரு கலை என்று அவர் ஒருவழியாகக் கற்றுக்கொண்டுவிட்டார்."

உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பாராட்டாகத்தான் எழுதினீர்கள். அப்படியே படிக்கத்தான் வாயைத் திறந்தேன். "குரலுக்கு வயதாகிவிட்டது, மூடிவைக்க ஒன்றும் இல்லாததால் அது அப்பட்டமாகத் தெரிகிறது" என்று வந்தது.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மேசையே குலுங்கியது. உங்களுக்கு அவள் வைத்த பெயர் மீசைக்காரர். "யாரு, நம்ம மீசைக்காரரா? அன்னைக்கு வீட்டுல செமத்தியா வாங்கியிருப்பாரு. சரி, அடுத்தது."

திட்டு அவளை ஒன்றும் செய்யாது என்று அப்போது புரிந்தது. திட்டு வாங்கியே தோல் தடித்தவள். ஆகவே அடுத்த விமர்சனங்களில் திட்டை எடுத்துவிட்டேன். "இந்த வயதில், இந்த உடல்நிலையில் ஓர் ஆல்பத்தைக் கொண்டுவந்ததே பெரிய காரியம்" என்று படித்தேன். "குறை சொல்ல மனம் வரவில்லை" என்று படித்தேன். இரக்கம் நன்றாக வேலை செய்தது. சிரிப்பு நின்றது. "என் கண்ணு விஷயம் எப்படிடா வெளிய போச்சு?" என்றாள். ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனியில் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது என்றேன்.

இதை ஏனோதானோவென்று செய்ததாக நினைக்காதீர்கள். ஒவ்வொருவரின் நடையையும் கவனித்து, அவரவர் வாயில் வரக்கூடிய சொற்களையே போட்டேன். பத்தி முடிகிற இடத்தில் மூச்சு வாங்கினேன். சில சமயம் அவர்கள்மேல் எரிந்துகூட விழுந்தேன், "இவனுக்கெல்லாம் காதா, வெறும் ஓட்டையா?" என்று. அவள் கையைக் கீழே நீட்டி என் தலையைத் தடவுவாள். "விடுடா. அவங்களுக்குத் தோணினதத்தானே எழுதுவாங்க." ஒருநாள் கைபேசியையே வாய்விட்டுப் படிக்கவைக்கலாமே என்று நானே சொன்னேன். "வேணாம்டா. மெஷின் படிச்சாக் குத்தும். நீ படிச்சாத் தாங்கிக்குவேன்" என்றாள்.

உங்கள் பெயர் வந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது. எங்கள் முதல் ஆல்பத்தை யாரும் சீந்தாதபோது எழுதியவர் நீங்கள். அவள் அதை மறந்ததே இல்லை. ஆகவே மீசைக்காரர் இரண்டாவதாக ஒன்று எழுதியிருக்கிறார் என்று சொல்லி, இப்படிப் படித்தேன்: "நோயாளி என்று தெரியாமல் கடுமையாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். இந்த ஆல்பத்தைப் பற்றி இனி யாரும் பேசாமல் இருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை." ஓட்டைக்குக் கீழே தரையில் சொட்டுச் சொட்டாக விழுந்ததை நான் துணியால் துடைத்தேன். கண்ணில் ஈரம் படக்கூடாது என்பதையும் ஞாபகப்படுத்தினேன்.

மறுநாள் கம்பெனி மேலாளரம்மா பெரிய பூங்கொத்தோடு வந்தார். டாக்டர் உத்தரவு என்று வாசலிலேயே நிறுத்தினேன். "எல்லாரும் தலையில தூக்கிவச்சு ஆடறாங்க தம்பி. டிக்கெட் பூராத் தீந்துபோச்சு. அக்காகிட்ட சொல்லுங்க, இன்னும் ரெண்டு ஊரு சேக்கலாமான்னு" என்றார். சொல்கிறேன் என்றேன். உள்ளே போய், "மேலாளரம்மா வந்தாங்கக்கா. உன்னைப் பாக்கச் சங்கடமா இருக்குன்னு வாசலோட போயிட்டாங்க" என்றேன். பூவின் வாசனை என் சட்டையில் இருந்ததோ என்னவோ, "பூ வேற கொண்டாந்தாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதில் பொய் இல்லை.

கச்சேரிகளை ரத்து செய்யச் சொன்னது அவள்தான். நல்லா யோசிச்சியா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். "எதுக்குடா? மேடையில நின்னா பாவம்னுதானே கைதட்டுவாங்க" என்றாள். சற்று நேரம் கழித்து, "இந்தக் கண்ணு வந்துதான் நான் எதப் பாக்கப்போறேன்" என்றாள். பதில் எதிர்பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. நான் சொட்டு மருந்து வாங்கக் கடைக்குப் புறப்பட்டேன்.

திரும்பி வந்தபோது அவள் மேசையில் இல்லை. கட்டிலில் மல்லாந்து கிடந்தாள், முகம் மின்விசிறியைப் பார்த்தபடி. தொட்டு எழுப்பி, திருப்பிப் படுக்கவைத்திருந்தால் ஒருவேளை கண் தப்பியிருக்கும் என்று இப்போது சொல்வார்கள். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படி அயர்ந்து தூங்கி நான் பார்த்ததில்லை. எழுப்ப மனசு வரவில்லை. வெளிச்சம் முகத்தில் விழாதபடி திரையை இழுத்துவிட்டேன். தலையணையைச் சரிசெய்தேன். அவளாகவே விழிக்கும்வரை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் அவள் அப்படியே படுக்க விரும்பினாள். தடுக்கவில்லை.

பரிசோதித்த டாக்டரம்மா என் தோளைத் தட்டி, "நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க, பாவம்" என்றார்.

இப்போது அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். சாப்பாட்டுத் தட்டில் எது எங்கே இருக்கிறது என்று நான் சொல்வேன். எங்களுக்குள் சண்டை கிடையாது. "இனிமே நீயே வாசிடா. எனக்கு எது நல்லா இருக்கு, எது நல்லா இல்லன்னே புரியல" என்றாள். அவள் வாயால் அதைக் கேட்க நான் இருபது வருஷம் காத்திருந்தேன் என்று நீங்கள் எழுதிவிடக்கூடும். அப்படியெல்லாம் இல்லை. குழுவுக்கு எது நல்லதோ அது நடந்திருக்கிறது.

நீங்கள் நேரில் வந்து அவளிடம் உண்மையைச் சொல்லலாம். கதவு திறந்துதான் இருக்கும். சொல்வதற்கு முன் ஒன்று மட்டும் யோசியுங்கள். ஊரே அவளைக் கொண்டாடியது, அது தெரியாமல் கண்ணைத் தொலைத்தாள் என்றுதானே சொல்லப்போகிறீர்கள். அதைக் கேட்டபின் அவள் எப்படி உயிரோடு இருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு இளகிய மனசு. உங்கள் எழுத்தில் அது தெரியும். நீங்கள் சொல்லமாட்டீர்கள்.

எங்கள் அடுத்த ஆல்பத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எல்லா வாத்தியமும் நான்தான். எங்கும் இடைவெளி விடவில்லை. அக்கா, நான் சொன்ன இடங்களில் மட்டும் பாடியிருக்கிறாள். மனதில் பட்டதை எழுதுங்கள், என் முகத்துக்காகப் பார்க்க வேண்டாம். மோசம் என்று தோன்றினாலும் தாராளமாக எழுதுங்கள். அவள் மனம் நோகாதபடி நல்லவிதமாகப் படித்துக்காட்டிவிடுகிறேன். அக்காவிடம் பொய் சொல்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத காரியம் ஐயா. ஆனாலும் அவளுக்காக, இந்த ஒரு முறை மட்டும் சொல்வேன்.