வண்டிக்கு அடியில்

– சாவிய முதல்ல என் கையில குடு மாப்ள. மத்ததெல்லாம் அப்புறம்.

– இந்தாங்க மச்சான். நான் சாவியப் போடவே இல்ல. கதவத் தொறந்தேன், ஏறி உக்காரப் போனேன், என்னவோ சரியில்லன்னு பட்டுச்சு. அப்படியே எறங்கி உங்களுக்குப் போன் போட்டேன்.

– என்னவோன்னா?

– தெரியல. சத்தியமா தெரியல. நேத்து நிறுத்துன எடத்துலதான் நிக்குது. ஆனா யாரோ தொட்ட வண்டி மாதிரி இருக்கு.

– அண்ணா, இவரு பேச்சக் கேட்டு இன்னிக்கும் மண்ணுல படுக்கப் போறீங்களா? போன வாரம் படுத்தீங்க. என்ன இருந்துச்சு? பிளாஸ்டிக் பை. அதுக்கு முந்தி? பூனைக்குட்டி!

– குட்டி பொழச்சுச்சேம்மா. வண்டிய எடுத்திருந்தா அது கதி என்ன?

– சிரிக்காதீங்கண்ணா. தெருமுனையில என்கூட தைக்கிற பொண்ணுங்க எல்லாம் வேனுக்காக நிக்குதுங்க. லேட்டாப் போனா சூப்பர்வைசர் கேட்டுலயே நிறுத்திடுவான். ஊருல வேன் ஓட்டுறவன் காலையில டயரப் பாப்பான், டீசலப் பாப்பான். எனக்கு வாய்ச்சவரு குனிஞ்சு சாவத் தேடுறாரு.

– அவன வையாத. எனக்கென்ன, பென்ஷன் வாங்கிட்டு சும்மா கெடக்குறவன். மாப்ள, டார்ச்ச எடு. வலப்பக்கம் வந்து நில்லு, இடது காது செத்துப் போச்சுன்னு உனக்குத் தெரியாதா?

– இந்தாங்க. மெதுவா மச்சான், முட்டி பாத்து.

– கேளு, அவசரமே படக்கூடாது. முன்சக்கரத்துலருந்து பொறுமையா வர்றேன். நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே இரு, எனக்கும் பொழுது போகும்.

– பட்டாளத்துலயும் இப்படித்தான் படுப்பீங்களா?

– அங்க குப்புற. ரோடு பூரா கண்ணிவெடி. வயித்த மண்ணுல தேச்சுக்கிட்டு, கம்பியால கொஞ்சம் கொஞ்சமாக் குத்திப் பாத்துக்கிட்டே போகணும். பின்னாடி லாரிங்க வரிசையா நிக்கும். ஹாரன் அடிக்க ஒருத்தனுக்கும் தைரியம் வராது.

– கை நடுங்காதா உங்களுக்கு?

– நடுங்கவே நடுங்காது. கை பாட்டுக்கு அதோட வேலையப் பாக்கும். கேளு, வெடி கெடைச்ச அன்னிக்குக்கூட நிம்மதியாத் தூங்கிடுவேன். நாள் பூரா குத்தியும் ஒண்ணுமே கெடைக்கல பாரு, அன்னிக்குத்தான் சோறு எறங்காது. விட்டுட்டோமோ, விட்டுட்டோமோன்னு மனசு அடிச்சுக்கும். காலையில அதே ரோட்டுல லாரி போறப்போ காதப் பொத்திக்குவேன்.

– இதெல்லாம் எங்ககிட்ட சொன்னதே இல்லையேண்ணா. லீவுக்கு வந்தா சோப்பு குடுப்பீங்க, பிஸ்கட் குடுப்பீங்க. சாப்பாடு நல்லாருக்கு, மெத்த நல்லாருக்குன்னு சொல்லுவீங்க.

– வேற என்னம்மா சொல்லச் சொல்ற? சரி மாப்ள. உன் ஞாயித்துக்கிழமைப் பட்டாளத்தப் பத்திச் சொல்லு.

– கிண்டல் பண்ணுங்க, பண்ணுங்க. ரிசர்வ் பட்டாளம்னா உங்களுக்கெல்லாம் எளக்காரம்தான். மரத் துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு மைதானத்தச் சுத்துவோம். மதியம் இவ கட்டிக் குடுத்த சோத்தத் தின்னுட்டு மரத்தடியில படுப்போம். நீங்க வந்து எங்க பிரிவுப் பசங்களுக்குக் கம்பி கட்டி வெடி வைக்கக் கத்துக் குடுத்த அன்னிக்கு மட்டும்தான் பட்டாளம் மாதிரி இருந்துச்சு. வாரம் பூரா வேன், ஞாயித்துக்கிழமை ராணுவம். உத்தியோகமும் ஆச்சு, சீருடையும் ஆச்சுன்னு நெனச்சேன். நெசமாவே சண்டைக்குக் கூப்புடுவாங்கன்னு கனவு கண்டேனா?

– சீருடையில போட்டோ எடுத்து எங்கம்மாவுக்குக் காட்டுனாரே, அத ஏன் விட்டுட்டீங்க?

– இல்ல இல்ல, வெளையாடாத. கூப்புட்டப்புறம் லாரியக் குடுத்தாங்க மச்சான். ராத்திரியில பச்சத் தண்ணி, ரொட்டி, குண்டு, என்னத்த வேணா ஏத்துவாங்க. நான் ஓட்டுவேன். ஒரு நாள் ஆளுங்கள ஏத்துனாங்க.

– அத இப்ப பேச வேணாங்க.

– பேசணும். நாளைக்கு விசாரணையில சாட்சியா நின்னு பேசத்தானே போறேன்? கைய பின்னாடி கட்டியிருந்தாங்க மச்சான். எல்லாம் அந்த வட்டாரத்துச் சாதாரண ஊர்க்காரங்க. ஒருத்தன் காய்கறி விக்கிறவன். ஏறுறப்போ என் பக்கம் திரும்பி, அண்ணே, அடுப்ப அணைக்காம வந்துட்டேன்னான். கேப்டன் என் பக்கத்துல ஏறி உக்காந்து, கல்குவாரிக்கு விடுன்னாரு. அங்க போனதும் லைட்ட அணைக்கச் சொன்னாரு. எறக்கிக் கூட்டிட்டுப் போனாங்க. அப்புறம் சத்தம் கேட்டுச்சு.

– பின்சக்கரத்துக்கு வந்துட்டேன். நீ சொல்லு.

– திரும்பி வர்றப்போ லாரி லேசா இருந்துச்சு. ஓட்டுறவனுக்கு அது தெரியும் மச்சான். மேட்டுல பிரேக்குல முனகிக்கிட்டு எறங்குன வண்டி, அதே மேட்டுல துள்ளிக்கிட்டு ஏறுச்சு. இன்னிக்கும் இந்த வேன்லருந்து பொண்ணுங்க எல்லாம் எறங்குனப்புறம் காலி வண்டிய ஓட்ட எனக்கு முடியல. சத்தியமா முடியல.

– அதுக்குத்தான் வீட்டுக்கு வர்ற வரைக்கும் ரேடியோவ அலற விடுறீங்களா? என்கிட்ட ஏங்க சொல்லல?

– உன்கிட்ட சொன்னா நீயும் அதுல ஏறி உக்காந்துக்குவ.

– அண்ணா, நீங்களாவது இவருக்குச் சொல்லுங்களேன். அந்தக் கேப்டன் இப்ப எவ்வளவு பெரிய ஆளு! தெனம் டிவியில வர்றாரு. நாளைக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வீட்டுல படுத்துக்கட்டும். யாரு கேக்கப் போறா?

– அந்தக் காய்கறிக்காரன் பொண்டாட்டி கேப்பா. விசாரணை ஆபீஸ் வாசல்ல அவளப் பாத்தேன். கிட்ட வரல. ஆனா நான் யாருன்னு அவளுக்குத் தெரியும்.

– நம்ம வீட்டு மேல கல்ல விட்டெறிஞ்சானே ஒருத்தன், அவன மறந்துட்டீங்களா? போன்ல ஒண்ணும் பேசாம மூச்சு மட்டும் விடுறானே, அவன?

– மறக்கல. எனக்குப் பயம் இல்லன்னா சொன்னேன்? பயந்து சாகுறேன். ஆனா நான் தனியா இல்லடி. எங்க பிரிவுப் பசங்க என் பக்கம் நிக்கிறாங்க. முந்தாநாள்கூட வந்து தோள்ல தட்டிட்டுப் போனாங்க. நீ தைரியமாப் போய் சொல்லு, நாங்க இருக்கோம்னாங்க. அவங்க இல்லன்னா நான் எப்பவோ ஊர விட்டே ஓடியிருப்பேன். என்ன மச்சான், நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க?

– கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். தங்கச்சி.

– என்னண்ணா?

– நீ தெருமுனைக்குப் போ. அந்தப் பொண்ணுங்களப் பஸ்ஸுல போகச் சொல்லு. இன்னிக்கு வேன் வராது.

– பிரேக்கு ஏதாவது போச்சா?

– ஆமா. போயிட்டு நீயும் அங்கயே நில்லு. இங்க திரும்பி வர வேணாம். போற வழியில பக்கத்து வீட்டுக்காரங்களையும் கையோட கூட்டிட்டுப் போயிடு.

– பிரேக்கு போனதுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க எதுக்குண்ணா?

– கேளும்மா. சின்னதுல உன்ன எத்தன தடவ ஏமாத்தியிருப்பேன்? இப்ப ஏமாத்தல. வண்டியில கை வைக்காத. கதவ மூடாத, அது அப்படியே இருக்கட்டும். சத்தம் போடாம நட. ஓடாத, நட.

– அண்ணா...

– நடம்மா. அண்ணன் சொல்றேன்ல?

– போறேன். போறேண்ணா. இவரையும் அனுப்பிடுங்க. நீங்களும் வந்துடுங்க. ரெண்டு பேரும் வந்துடுங்க.

– மச்சான், அவ போயிட்டா. சத்தியமா சொல்லுங்க. இருக்கா?

– இருக்கு.

– ஐயோ.

– குனியாத. அங்கயே நில்லு. உனக்குப் பைத்தியம்னு இந்தத் தெருவே பேசுச்சே, இனி எவனும் பேச மாட்டான்.

– வெளியே வந்துடுங்க மச்சான். உங்க காலப் பிடிச்சு இழுக்கவா?

– தொடாத. நான் எதையும் தொடல, நீயும் தொடாத. என் சட்ட எதுலயோ மாட்டியிருக்கு. மெதுவா எடுத்துக்கிட்டு நானா வர்றேன். நீ போ. தெருமுனையில நின்னு போலீசுக்குப் போன் பண்ணு. வெடி எடுக்கிறவங்கள அனுப்பச் சொல்லு.

– உங்கள விட்டுட்டா? இல்ல இல்ல, நான் நகர மாட்டேன்.

– மாப்ள, என் தங்கச்சிக்கு நீ ஒருத்தன்தான் இருக்க. அவ அங்க நின்னு இந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருப்பா. நீ போனாத்தான் அவ நிப்பா, இல்லன்னா திரும்பி வருவா. போ.

– சரி. சரி, போறேன். போலீசுக்குச் சொல்றேன், அப்படியே எங்க பிரிவுப் பசங்களுக்கும் சொல்லிடுறேன். பக்கத்துலதான் இருக்காங்க, ஓடி வந்துடுவாங்க.

– அவனுங்களுக்குச் சொல்லாத மாப்ள. இது நான் அவனுங்களுக்குக் கத்துக் குடுத்த கம்பிக் கட்டு.