கடைசி பஸ்ஸுக்காக விட்டுட்டு வந்த படம்

செல்வண்ணே, நீ எங்கள விட்டுப் போனதுக்கு அப்புறம் நேத்துதான் ஹட்டன் போனேன். திரும்பி மஸ்கெலியா பஸ்ஸுல வர்றப்ப முன் சீட்டுல ரெண்டு பசங்க. ஒருத்தன் டவுன்ல நெட் கடையில வேல செய்றவன். பாட்டெறக்க ஒரு வெப்சைட், படம் பாக்க ஒரு வெப்சைட்டுன்னு அளந்துக்கிட்டே வந்தான்.

“படத்தோட முடிவு பாக்காம வந்தவங்களுக்கும் ஒரு வெப்சைட் இருக்குடா,”ன்னான்.

“போடா டேய்!”

“நெசமா. படத்துப் பேரப் போட்டா முழுக் கதையும் வரும். நம்மாளுங்க எந்தப் படத்துக்குடா முடிவு பாத்தோம்? நம்ம தேயிலத் தோட்டத்துக்கு எல்லாப் படமும் கடைசி பஸ்ஸோட முடிஞ்சிரும்.”

“அப்ப அந்த ஊமப்புள்ள படம்? வில்லன் அத ஆத்துல தள்ளிவிடுவானே, அதோட எந்திரிச்சு ஓடியாந்தோம்.”

நாமளும் கடைசி பஸ்ஸப் புடிக்க அந்த எடத்துலதான தியேட்டர்ல இருந்து ஓடியாந்தோம், அண்ணே. ஆஸ்பத்திரியில கெடந்தப்பகூட அந்தப் புள்ள பொழச்சிருக்கும்னுதான் சொல்லிக்கிட்டே இருந்த. முன் சீட்டுப் பக்கம் சாஞ்சு காதக் குடுத்தேன்.

“அதையும் தேடிப் பாத்தேன். பொழச்சிருதுடா. மீன் புடிக்கிறவங்க தூக்கிடுறாங்க. கடைசியில அதுக்குக் கல்யாணம்.”

“அப்பாடா! இம்புட்டு நாளா செத்துருச்சுன்னுல்ல நெனச்சேன்.”

“ஏன், அது ஒங்க அத்த மகளா?”

பஸ்ஸே சிரிச்சுச்சு. நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன், ஆனா மனசு லேசாயிருச்சு. நீ சொன்னதுதாண்ணே சரி.

எங்க செல்வண்ணே நல்ல எடத்துல இருக்கணும்னு இதப் படிக்கிற எல்லாரும் சாமியக் கும்பிட்டுக்குங்க.