அடையாள அட்டைக்கு ஒரு தோலுறை

வெள்ளவத்தை பஸ் தரிப்பில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள்.

"தோலைத் தைக்க முதல் முள்ளுக்கரண்டியாலை அழுத்தவேணும், அக்கா," என்றாள் இளையவள்.

மற்றவள் சிரித்தாள். "அது ஏன்?"

"ஓட்டையள் ஒரே இடைவெளியிலை வரும். நூலுக்கு மெழுகு பூசினால் வேர்வையிலை உக்காது. நான் பொழுதுபோக்குக்குக் கைப்பை தைச்சுத்தான் பழகினனான். போன மாசம் இவர் அடையாள அட்டையை எடுக்கச் சட்டென்று பொக்கற்றுக்குள்ளை கை விட, செக்பொயின்றிலை நிண்ட ஆமிக்காரன் துவக்கை நீட்டிப்போட்டான். அதுதான் கழுத்திலை தொங்கவிட ஒரு உறை தைச்சுக் குடுத்தனான். படம் தெரிய முன்னுக்கு யன்னலும் வெட்டினனான்."

"போடுறவரோ?"

"வீட்டுக்குள்ளையும் கழட்டுறேல்லை. குளிக்கேக்கை மட்டும் என்னட்டைத் தருவார். வெளியிலை வருமட்டும் கதவடியிலை பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."