கடல் விட்டது, பேனர் விடவில்லை

பட்டங்கள் பலவற்றைப் பெயருக்கு முன்னால் சுமந்து, அந்தப் பாரம் தாங்காமல் சாய்ந்து அமர்ந்திருக்கும் தலைவர், அண்ணன் மொக்கைச்சாமி அவர்களே! நாற்காலி கிடைத்ததால் அமர்ந்தும், கிடைக்காததால் அதன் கைப்பிடியைப் பற்றியும் நிற்கும் சான்றோர்களே! மம்சாபுரத்து மண்ணின் மாண்பாய் முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! இந்த மேடையின் நாயகன், சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை பார்க்கும் தம்பி லிங்கேஸ்வரன் அவர்களே! உயிரோடு வந்திருக்கும் உங்களுக்கு என் உயிரார்ந்த வணக்கம்!

ஏன் சிரிக்கிறீர்கள்? போன வாரம் ராஜபாளையத்தில் இருந்த எனக்குப் போன் வந்தது. "அண்ணே, நம்ம லிங்கேஸ்வரன் போன கப்பல் புயல்ல போயிருச்சு. இரங்கல் கூட்டம். செத்த நேரம் உருக்கமாப் பேசணும்." சரி என்று கண்ணீரைத் தயார் செய்தேன். மறுபடியும் போன். "அண்ணே, ஆளு வந்துட்டாரு! பந்தல் போட்டாச்சு, பிரிக்க முடியாது. அதே மேடை, அதே தேதி. கொஞ்சம் சந்தோஷமாப் பேசிருங்க!" ஆகா, கப்பல் கவிழ்ந்தாலும் கூட்டம் உண்டு, கரை சேர்ந்தாலும் கூட்டம் உண்டு!

எனக்குப் பின்னால் இருக்கும் பேனரைப் பாருங்கள். 'பாராட்டு விழா' என்று தாள் ஒட்டியிருக்கிறார்கள். லைட் வெளிச்சத்தில் அடியில் என்ன தெரிகிறது? 'கண்ணீர் அஞ்சலி'! தம்பி படத்துக்குப் போட்ட மாலையைக்கூட எடுக்கவில்லை. பக்கத்துப் படத்தில், அஞ்சலி செலுத்தும் அண்ணன் மொக்கைச்சாமி கறுப்புக் கண்ணாடி மாட்டி, காதில் செல்போனை வைத்து, கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறார். யாரோடு அண்ணே பேசினீர்கள்? எமனோடா?

யாரது, "கடலுக்கு வாங்க" என்று கத்துவது? வாரேன்யா, வாரேன்.

வங்கக் கடலில் நிலக்கரி ஏற்றி வந்தது கப்பல். காற்று கதறியது, கடல் கொதித்தது, கப்பல் குலுங்கியது. ஆன்டெனா பிய்ந்து பறந்தது. கரையோடு பேச்சு அறுந்தது. ஆடிய ஆட்டத்தில் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் கிடந்த கசடெல்லாம் கலங்கி மேலே வந்து, ஃபில்டரை அடைத்தது. எஞ்சின் நின்றது. எஞ்சின் நின்ற கப்பல் அலைக்கு விலாவைக் காட்டும். அடுத்த அலையே அதைக் கவிழ்த்துவிடலாம். என்ன செய்தாய் என்று தம்பியிடம் கேட்டேன்.

"என்னத்தண்ணே செய்ய? ஃபில்டரக் கழத்தணும், கழுவணும், மாட்டணும். மாட்டுன கையோட மறுபடி அடைக்கும். எல்லாருக்கும் வாந்தி. வாந்தி எடுத்துக்கிட்டே கழுவுனோம். அம்புட்டுதான்."

பயமாக இல்லையா என்றேன்.

"அழுதேன்ணே. அழுதுக்கிட்டேதான் கழுவுனேன்."

கேட்டீர்களா! அங்கே இவன் அழுதுகொண்டே வேலை பார்த்தான். இங்கே நாம் சிரித்துக்கொண்டே அஞ்சலி செலுத்தினோம்! எஞ்சின் எடுத்தது, கப்பல் அலைக்கு முகம் கொடுத்தது, தத்தித் தத்தித் தூத்துக்குடிக்குத் திரும்பியது.

ஆனால் கப்பலை முந்திக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் அச்சடித்த பேனர் இங்கே வந்துவிட்டதே! கம்பெனி சொன்னது என்ன? 'தொடர்பு இல்லை.' ஊர் எடுத்துக்கொண்டது என்ன? 'உயிர் இல்லை.' பேனரைப் பார்த்து உறவு திரண்டது, மாலை வந்தது, மேளம் வந்தது. தம்பியின் மனைவி யுவராணியின் வாசலில் நின்றுகொண்டு சொன்னார்கள்: "பேனரே வச்சாச்சு, பொறவு என்னத்தா? தாலியக் கழத்திரு." கோடிச் சேலை எடுக்க ஆள் அனுப்பியாயிற்று!

அந்தப் பெண் என்ன சொன்னாள் தெரியுமா?

"கம்பெனி சொல்லல, போலீசு சொல்லல. மொக்கைச்சாமி மாமா பேனர் சொன்னா நான் தாலியக் கழத்தணுமோ? எங்கழுத்துல எவ கை வைக்கான்னு பாக்கேன்!"

கதவைச் சாத்தினாள். உடனே ஊர் என்ன சொன்னது? திமிர் பிடித்தவள்! பூக்காரம்மா அவளுக்குப் பூக் கொடுக்க மாட்டேன் என்றார். தூத்துக்குடியிலிருந்து புருஷன் போன் பண்ணினான். திமிர் பிடித்தவள் என்ற அதே வாய்கள் மறுநாளே, 'பத்தினித் தெய்வம்' என்றன.

கைதட்டுகிறீர்கள். நன்றாகத் தட்டுங்கள்! ஆனால் ஒன்று கேட்கிறேன். புருஷன் திரும்பி வந்ததால் அவள் சொன்னது சரி என்கிறீர்கள். வராமல் போயிருந்தால்? அந்த எஞ்சின் எடுக்காமலே போயிருந்தால்? அப்போது அவள் யார், திமிர் பிடித்தவளா? கழுத்து யாருடையது? பூ யாருடைய தலைக்கு? கோடிச் சேலையா கூறைச் சேலையா என்று முடிவு செய்ய நாம் யார்? அவன் கரை சேர்ந்தாலும் அவள் சொன்னது சரி! அவன் கடலோடு போயிருந்தாலும் அவள் சொன்னது சரி!

ஏன் கைதட்டல் நின்றுவிட்டது? மைக் வேலை செய்கிறதா?

ஆ, முன்வரிசைத் தாய்மார்கள் மட்டும் தட்டுகிறீர்கள். அது போதும் எனக்கு.

இரங்கலுக்கு அழைத்து இன்பத்தில் பேசவைத்த விழாக் குழுவினருக்கு நன்றி. பொறுத்திருந்து கேட்ட பெரியோர்க்கு நன்றி. பந்தலுக்குப் பின்னால் இலை போட்டாயிற்று என்கிறார்கள். பந்திக்குப் போகும் வழியில்தான் யுவராணி உட்கார்ந்திருக்கிறார். பேனர் வைத்தவர்கள், அன்றைக்கு வாசலுக்குப் போனவர்கள் எல்லோரும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இலையில் உட்காருங்கள். முதல் ஆளாகத் தலைவர் அவர்கள் போவார்கள். மற்றவர்களுக்கு வணக்கம், எழுந்து வழி விடுங்கள்!