பாப்பாவுக்குப் பேசியவள்

அந்த ரெக்கார்டரைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், மேடம். இவ்வளவு நெருக்கமாக வைத்தால் ‘ப’ வரும் இடத்திலெல்லாம் காற்று அடிக்கும். பிறகு இதைக் கேட்டு டைப் செய்கிறவர்கள் உங்களைத்தான் திட்டுவார்கள். ஆங், இப்போது சரி.

விசாரணைக்கு என்று கூப்பிட்டு நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஊரெல்லாம் சுற்றிய அந்த போன் ஆடியோவில் பேசுவது பாப்பாதானா, இல்லையா? பாப்பாவுக்கு டப்பிங் பேசுகிறவள் என்ற முறையில் நான் அதைச் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் ஒரு வார்த்தையில் சொன்னால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். அதனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறேன்.

என் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. குரல் தெரியும். நான் உள்ளே வந்து வணக்கம் சொன்னதும் நீங்கள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தீர்களே, எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். வங்கியில், ஆஸ்பத்திரி வரிசையில், எங்கே வாயைத் திறந்தாலும் நாலு தலை திரும்பும். திரும்பிப் பார்த்து, இந்தக் குண்டு அம்மாவா என்று ஏமாந்து, மறுபடி முன்னால் திரும்பிக்கொள்ளும். என் வீட்டுக்காரருக்கு இதில் ஒரு பழைய ஜோக் உண்டு. “கண்ணை மூடிக்கிட்டா நான் ஹீரோயினோட குடித்தனம் பண்றேன். திறந்தாத்தான் பிரச்சினை” என்பார். நானும் சிரித்துவைப்பேன்.

பாப்பா சின்னப் பெண்ணாக நடிக்க வந்தாள். யூனிட்டில் எல்லோருக்கும் இளையவள் என்று பாப்பா ஆனாள். பிறகு ரசிகர்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது. பூப்போல முகம். வாயைத் திறந்தால் எண்ணெய் காணாத கதவு. முதல் படத்து டைரக்டர் அவள் குரலைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். அன்றிலிருந்து அவள் பேசியதெல்லாம் நான் பேசியதுதான். படம், விளம்பரம், ரசிகர்களுக்கு வாழ்த்து, எல்லாம். மேடை ஏறினால் கைகூப்பிச் சிரித்துவிட்டு இறங்க வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. அவளும் அப்படியே நடந்தாள். வெட்கப்படும்போது மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு சிரிப்பாளே, அது நான் கொடுத்தது. பிறகு அவளே அதை என்னிடமிருந்து கற்றுக்கொண்டாள்.

அவள் என்னை அக்கா என்பாள். போன வருடம் ஒருநாள் ஸ்டூடியோ வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, கோச்சுக்காதீங்க. அடுத்த படத்துலேர்ந்து நானே பேசலாம்னு பார்க்கறேன். என் குரல் எப்படியிருக்குன்னு எங்க அம்மாவைத் தவிர யாருக்குமே தெரியாதுக்கா” என்றாள்.

“நல்லதுடி கண்ணு. செய்” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அதற்கும் பிற்பாடு நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது வழக்குக்கு வருகிறேன். அண்ணன் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நாடே அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறது. சற்று முன் நீங்களும் அப்படித்தான் சொன்னீர்கள். பரவாயில்லை, எல்லோருக்கும் வாய் பழகிவிட்டது. அவரும் பாப்பாவும் நடித்த படத்தில் ஒரு சமையலறைக் காட்சி. குடித்துவிட்டு வரும் கணவன் மனைவியின் கையைப் பிடித்து முறுக்குவான், அவள் அழுவாள். படப்பிடிப்பில் பாப்பா அழுத அழுகைக்கு யூனிட்டே கை தட்டியதாம். அன்று சாயந்திரம் அவள் மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஷூட்டிங் முடிந்து வழுக்கி விழுந்தாள் என்றார்கள்.

எங்கள் வேலை எப்படியென்றால், படப்பிடிப்பில் பதிவான சத்தத்தை பைலட் ட்ராக் என்போம். படத்தில் அது வராது. எந்த இடத்தில் என்ன வசனம், எங்கே மூச்சு என்று தெரிந்துகொள்வதற்காக எங்கள் காதில் மட்டும் போடுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டே, திரையில் உதட்டைப் பார்த்துக்கொண்டே, மேலே நாங்கள் பேசுவோம். பாப்பாவின் சொந்தக் குரலை நான் பத்து வருடத்துக்கு மேல் காதில் வாங்கி அதன்மேல் என் குரலைப் பூசிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் காட்சிக்கும் பேசினேன். வசனம், “ஏங்க, விடுங்க.” அவ்வளவுதான். ஆனால் காதில் வந்தது வேறு. நடிகர்கள் சட்டைக்குள் சின்ன மைக் ஒன்று ஒட்டியிருப்பார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காத முணுமுணுப்புகூட அதில் விழும். வசனம் முடிகிறது. டைரக்டர் இன்னும் கட் சொல்லவில்லை. அண்ணன் குரல், ரொம்பத் தணிவாக: “நேத்து கதவைத் தட்டினேன், திறக்கல இல்ல? இப்பக் கத்து. நடிக்கறேன்னுதான் நினைப்பாங்க.” அப்புறம் ஒரு சத்தம். காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் கத்தினாள். அதன்மேல் கைதட்டல்.

நான் ஹெட்போனைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டேன். சவுண்ட் இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் என் மைக் மட்டும்தான். “ரெடியாக்கா?” என்றார். ரெடி என்றேன். “ஏங்க, விடுங்க” என்று பேசினேன். டைரக்டருக்கு ரொம்பத் திருப்தி. அழும்போதுகூட உங்கள் குரல் அழகாக இருக்கிறது என்றார். அவள் கத்தியது அழகாக இல்லை, மேடம். அதை யாரும் டிக்கெட் எடுத்துக் கேட்க முடியாது.

கொஞ்ச நாளில் பாப்பா வாய் திறந்தாள். போன் கேமராவைப் பார்த்து, மேக்கப் இல்லாமல், கதவு தட்டியதிலிருந்து கை ஒடிந்ததுவரை சொல்லி வீடியோ போட்டாள். முதல் முறையாக அவள் குரல் வெளியே வந்தது. நான் அன்று பேருந்தில் இருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பாப்பா குரலா இது? ஏதோ ஆம்பளை மாதிரி.”

“யாரோ பின்னாடியிருந்து பேசறாங்கடி. நல்லாப் பாரு, வாயும் பேச்சும் ஒட்டவே இல்ல.”

ஒட்டத்தான் செய்தது. பார்க்கிறவர்களுக்குத்தான் ஒட்டவில்லை. நான் என்ன செய்ய முடியும்? எழுந்து நின்று, அது அவள் குரல்தான், பொய்யெல்லாம் என் குரல் என்று சொல்வதா? அதுவும் அதே குரலில்? இறங்க வேண்டிய இடம் வந்தது, இறங்கிவிட்டேன்.

ஆனாலும் பாதிப் பேர் அவளை நம்பினார்கள். வக்கீல் ஒருவர் சும்மாவே வாதாட முன்வந்தார். அண்ணனின் அடுத்த பட ஷூட்டிங் தேதி தள்ளிப்போனது. அப்போதுதான் அவருடைய மேனேஜர் ஸ்டூடியோவுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. கையில் ஒற்றைத் தாள்.

“சின்ன வேலைக்கா. ஒரு போன் சீன். பொண்ணு ஃப்ரெண்டுகிட்டப் பேசறா.”

“என்ன படம்?”

“இன்னும் பேரு வைக்கல.”

தாளில் இருந்தது இதுதான். அண்ணன் என்னைத் தொடவேயில்லை, அடுத்த படத்தில் என்னை எடுக்கவில்லை என்ற கோபத்தில் சொல்லிவிட்டேன், இப்போது பின்வாங்க முடியவில்லை. நான் படித்துப் பார்த்தேன். இன்ஜினியரும் எட்டிப் பார்த்தார். “அக்கா, இது வில்லங்கம் மாதிரித் தெரியுதே” என்றார். நமக்கென்ன தம்பி, சீன்தானே, எழுதிக் கொடுத்ததைப் பேசுகிறோம் என்று அவரைச் சமாதானப்படுத்தினேன்.

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லலாம். சொன்னால் இந்த ஊரில் எந்த ஸ்டூடியோவிலும் என்னை உள்ளே விடமாட்டார்கள், வேறொருத்தியைக் கூட்டிவந்து பேசவைப்பார்கள். அவள் பாப்பாவை அரைகுறையாகப் பேசி அசிங்கப்படுத்துவாள். அதற்கு நானே பேசுவது மேல் என்று தோன்றியது. என் நிலைமையில் இருந்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

முதல் டேக் சரியாக வரவில்லை. வசனத்தில் உயிர் இல்லை. மேனேஜர் போதும் என்றார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. “பாப்பா ‘பின்வாங்க’ன்னெல்லாம் பேச மாட்டா, சார். ‘இனிமே எப்படிடி மாத்திப் பேசறது’ன்னு கேப்பா” என்று திருத்தினேன். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, அந்த மூக்குச் சிரிப்பைப் போட்டேன். கடைசியில் யாரோ அறைக்குள் வந்துவிட்ட மாதிரி அவசரமாக, “சரி, வெச்சிடறேன்” என்றேன். அதுவும் தாளில் இல்லை. எல்லாம் முடிந்து, எனக்குத் திருப்தி இல்லாமல், ஒன் மோர் கேட்டது நான்தான். நல்லதாக ஒரு டேக் கிடைக்கும்வரை நான் கேபினை விட்டு வெளியே வருகிற பழக்கம் இல்லை.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: அது பாப்பா இல்லை. நான்.

ஆடியோ வெளியே வந்த அன்றே எல்லாம் முடிந்துவிட்டது. இதோ, இதுதான் நம்ம பாப்பா குரல் என்று ஜனங்கள் மூச்சு விட்டார்கள். தொலைந்த பொருள் கிடைத்த சந்தோஷம். அது தன் குரல் இல்லை என்று பாப்பா இன்னொரு வீடியோ போட்டாள். அந்தக் கட்டைக் குரலில் அவள் அதைச் சொல்லச் சொல்ல, அதை வைத்தே கேலி செய்தார்கள். குழந்தைகள்கூட அப்படிப் பேசிக் காட்டின. வக்கீல் போனை எடுப்பதை நிறுத்தினார். ஆடியோவைப் பரிசோதித்தவர்கள், இது கம்ப்யூட்டர் செய்த குரல் இல்லை, மனுஷக் குரல்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். அது உண்மைதானே.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். மாவுக்கட்டு பிரித்தாயிற்று, ஆனால் மணிக்கட்டு திரும்பவில்லை. நான் கொடுத்த தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்கு என்மேல் துளி சந்தேகம் இல்லை. கம்ப்யூட்டரில்தான் ஏதோ பண்ணிவிட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பைலட்ல அவர் சொன்னது விழுந்திருக்கும். நீங்க கேட்டிருப்பீங்க. உலகத்துல என்னையும் அவரையும் தவிர அதைக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்க்கா.”

நான் அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தேன்.

“எனக்காக நீங்க எதுவும் பேச வேணாம். அந்த ட்ராக் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நான் போய்க் கால்ல விழுந்தாவது வாங்கிக்கறேன்.”

“நான் பார்த்துக்கறேன். நீ அழாமப் போ” என்றேன். எங்கள் வீட்டு வாசலில் அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் ஸ்டூடியோவுக்குப் போனேன். அந்தப் படம்தான் ரிலீஸாகிவிட்டதே தம்பி, அந்த பைலட்டெல்லாம் எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று கேட்டேன். ஆமாம்க்கா, நானே சொல்ல நினைத்தேன் என்று இன்ஜினியர் அழித்துவிட்டார். அதற்கு எடுத்துவைத்த இன்னொரு காப்பியும் அவரிடம்தான் இருந்தது. அதையும் நினைவுபடுத்தினேன். யாரும் என்னை அனுப்பவில்லை. மேனேஜருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது.

ஏன் என்று கேட்கிறீர்கள். நீங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை, மேடம். அது வெளியே போயிருந்தால் எல்லா டி.வி.யிலும் திருப்பித் திருப்பிப் போட்டிருப்பார்கள். அவள் மிருகம்போலக் கத்துவதை ஊரே கேட்டிருக்கும். அதற்கப்புறம் பாப்பா என்றால் அந்தக் கத்தல்தான் ஜனங்களுக்கு ஞாபகம் வரும். பத்து வருடம் நான் கண்ணுக்குக் கண்ணாக வளர்த்த குரல் அது. அவள் மானத்தைக் காப்பாற்ற அப்போது வேறு யார் இருந்தார்கள்? அவளுக்கு நல்லது கெட்டது தெரியாது, குழந்தை.

பக்கத்து அறையில் அவள் தன் அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று நீங்கள் சொன்னீர்கள். காலையிலிருந்து எதைக் கேட்டாலும் பதிலே இல்லை, வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள், வாக்குமூலம் இல்லாமல் விசாரணையை எப்படி நடத்துவது என்றும் கவலைப்பட்டீர்கள். வரும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தலையைக் குனிந்து, உதட்டைக் கையால் மூடிக்கொண்டிருக்கிறாள். அவளை வற்புறுத்தாதீர்கள், பாவம். அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவள் என்னதான் செய்வாள்? உங்களுக்கு அவள் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், மேடம். அவளுக்கு நான் பேசித் தருகிறேன்.