இரண்டு டம்ளர் ஆயில்

ஆயில் நிறைய ஊற்றினால் என்ஜினுக்கு நல்லது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், சார். புதுக்கோட்டையில் என் பட்டறைக்கு வருகிறவர்களும் அப்படித்தான். உண்மையில் ஆயிலே என்ஜினுக்குப் பாரம். என்ஜினுக்குள்ளே கிராங்க் தண்டு சுற்றும் வேகத்தில் அடியில் கிடக்கும் ஆயிலை வாரி அடிக்கும். மாவு கரைக்கும்போது கை கனக்குமே, அந்த மாதிரி. ரோட்டில் போகிற வண்டிக்கு அது தெரியாது. பந்தய பைக் அதனாலேயே தோற்கும்.

அதற்காக ஒரு தகட்டைச் செய்தேன். ஆயில் டின்னை வெட்டி, ஓட்டை போட்டு, கிராங்குக்கும் ஆயிலுக்கும் நடுவில் பொருத்தினேன். தெறிக்கிற ஆயில் ஓட்டை வழியே இறங்கிவிடும், திரும்பக் கிராங்கைத் தொடாது. பதினோரு தகடு வீணாகி, பன்னிரண்டாவதுதான் சரியாக அமைந்தது. அதை வைத்துத்தான் அர்ஷத் மூன்று பந்தயம் ஜெயித்தான்.

அர்ஷத் என் அக்கா நிலோஃபரின் மகன். அக்கா மவுத்தானபோது அவனுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து நான்தான் வளர்த்தேன். எனக்கு வேறு பிள்ளை இல்லை.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரிய டீம் அவனைக் கூப்பிட்டது. எனக்கும் சந்தோஷம்தான். அன்று மத்தியானம் சாப்பிடும்போது சொன்னான்.

“மாமா, அந்தத் தகடு நான் செஞ்சதுன்னு அங்கிட்டு சொல்லிட்டேன். கோவிச்சுக்காதீங்க.”

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவனுக்கு இன்னொரு துண்டு கறி எடுத்து வைத்தேன்.

அவன் போகக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். அவனைச் சேர்க்குமுன் டீம்காரர்கள் வந்து பார்க்கிற பந்தயத்தில் என்ஜின் ஒரு தடவை ஜாம் ஆனால் போதும். பந்தயத்தன்று காலையில் இரண்டு டம்ளர் ஆயிலை வடித்தேன். நேர்ப்பாதை முடிந்து பிரேக் பிடிக்கும்போது ஆயில் முன்பக்கம் ஓடும். உறிஞ்சுகிற குழாய் பின்பக்கம் இருக்கிறது. ஆயில் குறைந்திருந்தால் காற்றைத்தான் உறிஞ்சும். நாலைந்து சுற்று தாங்கும். பிறகு கிராங்க் இறுகி, பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். எந்த வளைவில் என்று தெரியுமா எனக் கேட்டீர்கள். தெரியும், சார். அங்கே ஒரு இடத்தில்தான் அவ்வளவு பிரேக் வேண்டும்.

அர்ஷத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏறுமுன் பிஸ்மி சொல்லிக் குனிந்து, என்ஜினின் வலப்பக்கக் கண்ணாடியில் ஆயில் மட்டத்தைத் தானே பார்ப்பான். அதனால் ஸ்டாண்டின் இடதுகாலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்தேன். வண்டி வலப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. கண்ணாடியில் ஆயில் ஏறி நின்றது.

“ஆயில் சரியா இருக்கு மாமா,” என்றான்.

“இருக்கு மாப்ள,” என்றேன். ஹெல்மெட் வாரையும் நான்தான் இறுக்கிவிட்டேன். கெட்ட எண்ணம் உள்ளவன் அதைச் செய்வானா?

ஆயில் குறைந்ததால் வண்டி அதுவரை ஓடாத வேகத்தில் ஓடியது. ஐந்தாவது சுற்றில் எல்லோருக்கும் முன்னால் வந்தான். அந்த வளைவு வரைக்கும் வந்தான்.

அடக்கம் செய்து மூன்று நாளாகிறது. அவன் சட்டை இன்னும் பட்டறைக் கொடியில் தொங்குகிறது; எடுக்க மனம் வரவில்லை. சோறு இறங்கவில்லை, சார். பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கு எப்படி இறங்கும்?

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். இன்றைய பேப்பரில் அவன் படத்தைப் போட்டு, அந்தத் தகட்டை அவனே செய்ததாக எழுதியிருக்கிறார்கள்.

அவன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. மற்றதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், சார். தகடு செய்தது நான் என்பதை மட்டும் சரியாக எழுதிவிடுங்கள்.