துண்டுக்கு மேலே இருபது விண்ணப்பங்கள்

இந்தப் பெற்றோர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, தாமதமாக வந்த என்னையும் முகம் சுளிக்காமல் மேடையேற்றிய தலைமையாசிரியை சரோஜம்மாள் அவர்களே! முரட்டு இரும்புக்கும் முறை கற்பிக்கும் பட்டறை ஆசிரியர் கோவிந்தப்பன் அவர்களே! பாகலூரிலிருந்து பஸ் ஏறியும் மூக்கண்டப்பள்ளியிலிருந்து நடந்தும் வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் கவலையை நெஞ்சிலும் சுமந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தமிழில் கேட்டு, கன்னடத்தில் சிரித்து, தெலுங்கில் என்னைத் திட்டப்போகும் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் கௌஸ் மொய்தீனின் வணக்கம்.

மைக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் தம்பி. குந்தாரப்பள்ளிச் சந்தையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மாட்டுத் தரகு பார்ப்பவன் நான். இந்தத் தொண்டைக்கு மின்சாரம் வேண்டாம்.

நம் பள்ளியில் தொழிற்பிரிவு தொடங்கி ஓராண்டு ஆகிறது. இந்த எண்பத்தேழாம் ஆண்டில் பதினொன்றாம் வகுப்புக்கு இருபது பேர் சேர வேண்டும். திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் பிரிவை மூடிவிடுவார்கள். இரண்டு லேத்து மெஷின்களும் லாரியேறி வேறு ஊருக்குப் போய்விடும். இதுவரை வந்தவை பதினேழு விண்ணப்பங்கள். மூடினால், பாதிப் படிப்பில் இருக்கும் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? அவர்களில் ஒருத்தி என் மகள் வஜிஹா. ஆம், சுயநலத்தோடுதான் பேசுகிறேன்! பெற்ற மகளுக்காகப் பேசாத வாய் வேறு யாருக்காகப் பேசப்போகிறது?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலை வாசலில் ஆள் எடுத்தார்கள். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். நம் பிள்ளைகள் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். அதிகாரி ஒரு வரைபடத்தைக் காட்டி, "இந்தத் துளையோட அளவு என்ன?" என்று கேட்டார். நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள்! வெளியூரிலிருந்து வந்த ஆறு பேர் பதில் சொன்னார்கள், உள்ளே போனார்கள். இதோ உட்கார்ந்திருக்கும் நாராயணப்பன் அண்ணன் விற்ற ராகி நிலம்தான் அந்த இடம். அவர் மூத்த மகன் இன்று அந்த வாசலிலேயே காவலாளி. நிலம் நம்முடையது, நீர் நம்முடையது. கதவைத் திறந்துவிடும் வேலை மட்டும்தானா நமக்கு? அன்று எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் அணையவில்லை.

யாரது? முனிராஜா? உரக்கச் சொல்லுங்கள். "பெயிலாப் போறதுங்க சேர்ற கிளாசுதான பாய் அது?" என்கிறார். என் மகள் பத்தாம் வகுப்பில் ஐந்நூற்றுக்கு நானூற்று இருபத்தொன்று வாங்கியவள், முனிராஜ்! ஆனால் கோபித்துக்கொள்ள மாட்டேன். போன வருஷம் நானும் இதையேதான் சொன்னேன். உங்களைவிட மோசமாகவும் நடந்துகொண்டேன்.

சேர்ந்த முதல் மாதம் முழுக்க அரத்தால் இரும்பை ராவச் சொன்னார்கள். உள்ளங்கை கொப்புளித்து வந்தாள் மகள். எனக்குப் பொறுக்கவில்லை. அவளை வேறு பிரிவுக்கு மாற்றிவிட நேரே இங்கே வந்தேன். எனக்குத் தெரிந்த பேச்சு ஒன்றுதானே? சந்தையில் விரலைத் தொட்டு ரகசியமாக விலை பேசுவதுபோல, கோவிந்தப்பன் சாரின் கைமேல் என் துண்டைப் போட்டு மூடி, அடியில் அவர் விரலைப் பிடித்து அழுத்தினேன்!

சிரியுங்கள், சிரியுங்கள். அவர் பாம்பு கடித்த மாதிரி கையை உதறினார். "பாய், இங்க எதையும் மூடி வச்சுப் பேசறதில்ல. உள்ள வந்து உங்க பொண்ணையே கேளுங்க" என்றார்.

உள்ளே போனேன். வஜிஹா அன்று முழுவதும் ராவிய இரும்புத் துண்டை அளந்துகொண்டிருந்தாள். அரை மில்லிமீட்டர் குறைந்திருந்தது. என் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. "யாருக்கும்மா தெரியப் போவுது? குடுத்துட்டு வா, போலாம்" என்றேன்.

"அளவு வச்சாத் தெரிஞ்சிரும் அத்தா" என்றாள். அந்த இரும்பைக் கழிவுப் பெட்டியில் போட்டாள். புதிதாக ஒன்றை எடுத்தாள். மறுபடி ராவ ஆரம்பித்தாள்.

கிழட்டு மாட்டை இளம் மாடென்று விற்றவன் நான். அந்தப் பிள்ளையின் முன்னால் வெட்கப்பட்டு நின்றேன். பிரிவை மாற்றக் கேட்காமலே வீட்டுக்குப் போனேன்.

சொல்லும்மா ராஜாத்தி. நாராயணப்பன் அண்ணனின் வீட்டம்மா கேட்கிறார்: "பொட்டப் புள்ளய மெசின்கிட்ட யாருண்ணா நிறுத்துவான்?" நியாயமான கேள்வி. நாளைக்கே நிறுத்துவார்கள் என்று நான் பொய்த் தரகு பேச மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். வாசலில் வரைபடத்தை நீட்டும் நாளில் உன் மகள் வீரலட்சுமி தரையைப் பார்க்க வேண்டுமா, தாளைப் பார்க்க வேண்டுமா? தெரியாது என்று திரும்ப வேண்டுமா, தெரியும் என்று நிமிர வேண்டுமா? கேட்பவன் மறுத்தால் அது அவன் குற்றம். கற்றுக்கொடுக்காமல் விட்டால் அது நம் குற்றம், நம் குற்றம், நம் குற்றம்!

பேசியது போதும். இதோ, என் தோள் துண்டு. இதை மேசைமேல் விரிக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள் இதற்கு அடியில் ஒளித்துப் பேசியவன், இன்று எல்லோரும் பார்க்க இதற்கு மேலே வைக்கிறேன்: என் இளைய மகள் சுக்ராவின் விண்ணப்பம். கையெழுத்தும் போட்டாயிற்று. பதினெட்டு!

இன்னும் இரண்டு. யார் வருகிறீர்கள்?

...வழி விடுங்கள், வழி விடுங்கள். ராஜாத்தி வருகிறார். அண்ணன் உட்கார்ந்தே இருக்கிறார், பரவாயில்லை, தடுக்கவில்லை! விண்ணப்பத்தை மடியில் மடித்து வைத்திருந்திருக்கிறாயே அம்மா, இவ்வளவு நேரமும்! பத்தொன்பது!

இன்னும் ஒன்று. முனிராஜ், உங்கள் மகன் கந்தன் இந்த வருஷம் பத்து முடித்தவன் என்று எனக்குத் தெரியும். அவசரப்படுத்தவில்லை. துண்டில்லாமல் நான் தெருவில் நடந்ததை இந்த ஊர் பார்த்ததில்லை, இன்று பார்க்கட்டும். இருபதாவது தாள் விழும்வரை இந்தத் துண்டு இந்த மேசையில்தான் கிடக்கும்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், கேள்வி கேட்ட தாய்க்கும், என் கையை உதறிய ஆசிரியருக்கும் நன்றி கூறி, வெறுந்தோளோடு விடைபெறுகிறேன். வணக்கம்!